85 பேர் வேலை செய்யும் நிறுவனம்: பணியிடக் கொள்கைகளை எங்கிருந்து தொடங்கி எழுதுவது, எப்படிப் பராமரிப்பது?

நிர்வாகப்பிரிவு

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் 85 பேர். பாதிப் பேர் அலுவலகத்தில், மீதிப் பேர் உற்பத்திப் பிரிவில் இரண்டு ஷிஃப்டாக. 64 பக்கத்தில் ஒரு பணியாளர் கையேடு இருக்கிறது. டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டது.

பிரச்சினைகள் இவை. விடுப்பு விஷயத்தில் இரண்டு பிரிவுத் தலைவர்கள் இரண்டு விதமாக நடக்கிறார்கள். கையேட்டுக்கு மூன்று பதிப்புகள் மின்னஞ்சலில் சுற்றுகின்றன. ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கை, "இந்த விதியை எனக்கு யாரும் காட்டவே இல்லை" என்ற ஒரு பதிலில் நின்றுபோனது. இப்போது இயக்குநர், 30 கொள்கைகளையும் ஒரே மாதத்தில் புதிதாக எழுதி முடிக்கச் சொல்கிறார்.

என் கேள்விகள்: எதை முதலில் எழுத வேண்டும்? கொள்கையும் நடைமுறையும் ஒரே ஆவணத்தில் இருக்கலாமா? டெம்ப்ளேட்டை எந்த அளவுக்கு நம்பலாம்? எழுதிய பிறகு அது பழசாகிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

---

பேரேடு

30 கொள்கை ஒரு மாதத்தில் வேண்டாம். எழுதிவிட முடியும், ஆனால் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. யாரும் பின்பற்றாத கொள்கை, கொள்கையே இல்லாததைவிட ஆபத்து. "உங்கள் விதியையே நீங்கள் மதிக்கவில்லையே" என்று எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

எதை முதலில் எழுதுவது என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடந்த 12 முதல் 24 மாதப் பதிவுகளை மேசையில் வையுங்கள்: சம்பளத் திருத்தங்கள், விபத்துப் பதிவேடு, எழுத்தில் வந்த புகார்கள், வேலையை விட்டுப் போனவர்கள் சொன்ன காரணங்கள், அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள். எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ அது மேலே வர வேண்டும். அதற்கும் மேலே இரண்டு வகை உண்டு. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எழுத்தில் இருக்கச் சொல்பவை ஒன்று, தவறினால் ஒருவர் உடம்பில் அடிபடக்கூடியவை இன்னொன்று. இப்படிச் சலித்தால் உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்குப் பெரும்பாலும் எட்டுத் தலைப்பு நிற்கும்: வேலை நேரமும் வருகைப்பதிவும், விடுப்பு, சம்பளமும் ஓவர்டைமும், பாதுகாப்பு, துன்புறுத்தல் தடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, குறைதீர்ப்பு, கணினி மற்றும் தகவல் பயன்பாடு. உடைக் கொள்கை, சமூக ஊடகக் கொள்கை எல்லாம் காத்திருக்கட்டும்.

எழுதத் தொடங்கும் முன் ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு வரிக்கு ஓர் ஆவணம். ஆவண எண், தலைப்பு, பொறுப்பாளரின் பதவி, ஒப்புதல் தருபவரின் பதவி, பதிப்பு எண், அமலான தேதி, அடுத்த மறுஆய்வுத் தேதி, எந்தச் சட்டம் அல்லது ஒப்பந்தத்தோடு தொடர்பு, எந்தப் படிவங்கள் இதைச் சார்ந்தவை. கடைசி இரண்டு நெடுவரிசைகளைப் பலர் விட்டுவிடுவார்கள். சட்டம் மாறும் நாளில் எந்தெந்த ஆவணத்தைத் தொட வேண்டும் என்று அவைதான் சொல்லும்.

கொள்கை, நடைமுறை இரண்டையும் பிரித்துவிடுங்கள். என்ன விதி, யாருக்குப் பொருந்தும், ஏன் என்பது கொள்கை. ஒன்றிரண்டு பக்கம் போதும், இயக்குநர் கையெழுத்து. யார், எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள், யாரிடம் என்பது நடைமுறை. பிரிவுத் தலைவர் ஒப்புதல் போதும். காரணம் எளிது. விடுப்பு விண்ணப்பம் காகிதத்திலிருந்து மென்பொருளுக்கு மாறினால் நடைமுறை மட்டும் மாறும். இரண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தால் ஒரு படிவத்தின் பெயரை மாற்றக்கூட இயக்குநர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் நடைமுறை தன் போக்கில் மாறிவிடும், காகிதம் அப்படியே நிற்கும். பதிப்புகள் பிரிய ஆரம்பிப்பது அங்கேதான்.

டெம்ப்ளேட்டை, எந்தத் தலைப்பும் விட்டுப்போகவில்லையே என்று சரிபார்க்கும் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வாக்கியத்தை எடுக்கும்போது ஒரு கேள்வி: இதைச் செய்ய இங்கே ஆள் இருக்கிறாரா? "குறைதீர்ப்புக் குழு 5 வேலை நாளில் கூடி முடிவு சொல்லும்" என்று டெம்ப்ளேட்டில் இருக்கும். உங்களிடம் குழுவே இல்லை என்றால், காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

---

வரிக்குவரி

பேரேடு சொன்னதில் ஒன்றே ஒன்றில் மாறுபடுகிறேன். 85 பேருக்குக் கொள்கையும் நடைமுறையும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் சூப்பர்வைசர் ஒன்றைத் திறப்பார், மற்றதைத் திறக்க மாட்டார். ஒரே கோப்பில் முதல் பகுதி கொள்கை, இரண்டாம் பகுதி நடைமுறை என்று வைத்து, இரண்டாம் பகுதியை மட்டும் மாற்றும் அதிகாரம் பிரிவுத் தலைவருக்கு உண்டு என்று முதல் பகுதியிலேயே எழுதிவிடலாம். அவர் சொன்ன பயன் அப்போதும் கிடைக்கும்.

இனி எழுதுவது பற்றி. உங்கள் இரண்டு பிரிவுத் தலைவர்களும் இரண்டு விதமாக நடப்பதற்குக் காரணம் அவர்களாக இல்லாமல் வாக்கியமாக இருக்கலாம். "விடுப்பு குறித்து முன்கூட்டியே முறையாகத் தெரிவிக்கப்பட வேண்டும்" என்று இருந்தால், முன்கூட்டியே என்றால் எவ்வளவு, முறை எது, யாரிடம், தெரிவிக்காவிட்டால் என்ன, ஒன்றுமே அதில் இல்லை. இப்படி எழுதலாம்:

"உடல்நலக் குறைவால் வர இயலாதவர், ஷிஃப்ட் தொடங்குவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு தன் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் ஷிஃப்ட் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக வீட்டிலிருந்து வேறொருவர் தெரிவிக்கலாம். சூப்பர்வைசர் அன்றைய வருகைப்பதிவில் அதைக் குறித்துவைக்க வேண்டும்."

யார், என்ன, எப்போது, எதன் வழியாக, முடியாவிட்டால் என்ன: ஒவ்வொரு விதிக்கும் இந்த ஐந்துக்கும் பதில் இருக்க வேண்டும். ஆள் பெயர் எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். "பரிசீலிக்கப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று முடியும் வரி ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேளுங்கள்: யார் பரிசீலிப்பார்? பதில் இல்லை என்றால் அந்த வேலை நடக்காது.

கட்டாயம் எது, பரிந்துரை எது, விருப்பம் எது என்பதும் கலங்கக் கூடாது. இணையத் தொழில்நுட்பத் தரங்களை எழுதுபவர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997லேயே ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் போட்டு, மூன்று நிலைக்கும் சொற்களை நிர்ணயித்துவிட்டார்கள். நீங்களும் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: "வேண்டும்" என்றால் கட்டாயம், மீறினால் நடவடிக்கை உண்டு, "செய்வது நல்லது" என்றால் பரிந்துரை, விலகினால் காரணம் சொல்ல வேண்டும், "செய்யலாம்" என்றால் அவரவர் விருப்பம். அதன் பிறகு கையேடு முழுக்க அந்த மூன்றைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

வரையறை தேவைப்படும் சொற்கள் நான்கைந்துதான், ஆனால் தகராறெல்லாம் அவற்றில்தான். "நாள்" என்றால் வேலை நாளா, காலண்டர் நாளா? "சம்பளம்" என்றால் அடிப்படையா, மொத்தமா? "குடும்பத்தினர்" என்பதில் யார் யார்? "உடனடியாக" என்ற சொல்லை அடித்துவிட்டு மணிக்கணக்கைப் போடுங்கள்.

விடுப்பில் இரண்டு பொறிகள். முதலாவது நள்ளிரவு. மாலை 6 மணிக்குத் தொடங்கி அதிகாலை 2 மணிக்கு முடியும் ஷிஃப்டில் ஒருவர் விடுப்பு எடுத்தால் அது ஒரு நாளா, இரண்டு நாளா? மறுநாள் பொது விடுமுறை என்றால், நள்ளிரவுக்குப் பிந்தைய 2 மணி நேரத்துக்கு விடுமுறைச் சம்பள விகிதம் உண்டா? "ஷிஃப்ட் தொடங்கும் தேதியே அந்த ஷிஃப்டின் தேதி" என்று ஒரு வரி போட்டால் விடுப்புக் கணக்கு தீரும். விடுமுறைச் சம்பளத்துக்கு உங்கள் சட்டம் வேறு மாதிரி சொல்கிறதா என்று பார்த்துத் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது, பகுதிநேரம். இரண்டு பேருமே வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறார்கள். ஒருவர் 3 நாள், நாளுக்கு 10 மணி. மற்றவர் 5 நாள், நாளுக்கு 6 மணி. இருவருக்கும் ஆண்டுக்கு "20 நாள்" விடுப்பு என்றால், முதலாமவருக்கு 200 மணி நேரம், அதாவது ஆறரை வாரத்துக்கும் மேல். இரண்டாமவருக்கு 120 மணி நேரம், சரியாக 4 வாரம். விடுப்பை வாரத்தில் நிர்ணயித்து மணி நேரத்தில் வரவு வைத்தால் (30 மணி × 4 வாரம் = 120 மணி) இந்த ஏற்றத்தாழ்வு வராது.

எழுதி முடித்ததும் சோதியுங்கள். ஐந்து சிக்கலான சூழ்நிலைகளைத் தாளில் எழுதி, மூன்று சூப்பர்வைசர்களிடம் கொள்கை வரைவோடு கொடுங்கள். ஒருவரை ஒருவர் கேட்காமல் பதில் எழுதட்டும். மூன்று பதிலும் ஒன்றாக வராத இடத்தில் சூப்பர்வைசரைத் திருத்தாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள். சட்ட ஆலோசகர் பார்ப்பதற்கு முன்பு இந்தச் சோதனை நடக்க வேண்டும். அவர் சட்டப் பிழையைக் கண்டுபிடிப்பார். தளத்தில் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

---

நடுநிலை

ஒழுங்கு நடவடிக்கை, துன்புறுத்தல் புகார் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவற்றில் பிழை இருந்தால் பணம் போகும். இவற்றில் பிழை இருந்தால் ஒரு மனிதரின் வாழ்வாதாரமோ மானமோ போகும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் ஒப்பந்தம், 7ஆம் பிரிவு: நடத்தையையோ செயல்திறனையோ காரணமாகச் சொல்லி ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முன், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், நியாயமாக அதை எதிர்பார்க்க முடியாத சூழ்நிலை மட்டுமே விலக்கு. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் நடைமுறையின் முதுகெலும்பாக அதை வையுங்கள். குற்றச்சாட்டு எழுத்தில், தேதி, நேரம், இடம், எந்த விதியின் எந்தப் பதிப்பு என்ற விவரத்தோடு. பதில் சொல்ல நியாயமான அவகாசம், கூட ஒருவரை அழைத்துவரும் உரிமை, முடிவு காரணத்தோடு எழுத்தில், மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு.

விசாரிப்பவர், முடிவெடுப்பவர், மேல்முறையீட்டைக் கேட்பவர் மூவரும் வெவ்வேறு ஆள். சிறிய நிறுவனத்தில் மூன்று பேர் கிடைப்பது கஷ்டம்தான். அப்படியானால் இயக்குநரை முதல் கட்டத்தில் இழுக்காதீர்கள். அவர் விசாரணையிலேயே உட்கார்ந்துவிட்டால் மேல்முறையீட்டைக் கேட்க மேலே ஆள் இருக்காது. விசாரணைக் காலப் பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது என்றும், அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு என்ன ஏற்பாடு என்றும், எத்தனை நாளுக்கு ஒருமுறை அது மறுபரிசீலனை ஆகும் என்றும் எழுதுங்கள்.

"மூன்று எச்சரிக்கை, நான்காவது பணிநீக்கம்" என்று எந்திரம்போல் எழுதாதீர்கள். இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். கடுமையான தவறு ஒருமுறை நடந்தாலும், மூன்று எச்சரிக்கை கொடுக்கவில்லையே என்பார்கள். மூன்று முறை 5 நிமிடம் தாமதமாக வந்தவரையோ நீக்கியே ஆக வேண்டும் என்றாகும். "வழக்கமாக இந்த வரிசை, தவறின் தன்மையைப் பொறுத்து எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்கலாம், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்" என்பது போதும். கடும் தவறுகளின் பட்டியலுக்கு மேலே "இவை உதாரணங்கள், முழுப் பட்டியல் அல்ல" என்று இருக்கட்டும். எச்சரிக்கை எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். முடிவுத் தேதியே இல்லாத எச்சரிக்கை ஆறு வருடம் கழித்து ஒருவர் மேல் விழுவது அநியாயம்.

துன்புறுத்தல் தடுப்புக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் ஒப்பந்தம் நல்ல எலும்புக்கூடு தருகிறது. 2021 ஜூன் 25 முதல் அமலில் இருக்கிறது. இப்படி ஒரு கொள்கையைத் தொழிலாளர்களையும் அவர்களின் பிரதிநிதிகளையும் கலந்தாலோசித்தே உருவாக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. அதோடு வந்த 206ஆம் பரிந்துரை, கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. புகார் மற்றும் விசாரணை நடைமுறை, அந்தரங்கக் காப்பு, புகார் தந்தவர் மீதும் சாட்சிகள் மீதும் பழிவாங்கல் நடக்காமல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. அலுவலகத்துக்குள் மட்டும் என்று எல்லை போட்டுவிடாதீர்கள். வேலைப் பயணம், பயிற்சி, நிறுவன நிகழ்ச்சி, வேலை தொடர்பான தொலைபேசி, செய்திகள் எல்லாவற்றையும் அந்த ஒப்பந்தம் உள்ளே கொண்டுவருகிறது.

வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள் மூன்று. புகார் கொடுக்க ஒரே வழி, அதுவும் நேரடி மேலாளர் வழியாக. புகாரே அவர் மேல் என்றால் எங்கே போவது? குறைந்தது இரண்டு வழி வேண்டும், ஒன்றாவது அந்தப் பிரிவுக்கு வெளியே இருக்க வேண்டும். இயக்குநர் மேலேயே புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பதற்கும் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்தது, "முழு ரகசியம் காக்கப்படும்" என்ற வாக்குறுதி. காக்க முடியாது, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றச்சாட்டைச் சொல்லித்தானே ஆக வேண்டும். "விசாரணைக்குத் தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிவிப்போம்" என்பதுதான் உண்மை. மூன்றாவது, பழிவாங்கல் கூடாது என்று எழுதிவிட்டு யாரும் பார்க்காமல் விடுவது. புகார் முடிந்த 30ஆம் நாளும் 90ஆம் நாளும் மனிதவளப் பிரிவு புகார் தந்தவரின் ஷிஃப்ட் ஒதுக்கீடு, ஓவர்டைம், மதிப்பீடு மூன்றையும் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும் என்று நடைமுறையில் சேருங்கள். பழிவாங்கல் பெரும்பாலும் வார்த்தையில் தெரியாது, ஷிஃப்ட் பட்டியலில் தெரியும்.

---

ஆவணக்காப்பு

"எனக்குக் காட்டவே இல்லை" என்ற பதிலுக்கு வருவோம். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9001:2015இன் 7.5ஆம் பிரிவு ஆவணக் கட்டுப்பாட்டைப் பற்றியது. சான்றிதழ் வேண்டாம் என்றாலும் அந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம்: அடையாளம், ஒப்புதல், பதிப்புக் கட்டுப்பாடு, தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் கிடைப்பது, எவ்வளவு காலம் பாதுகாப்பது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆவண எண், பதிப்பு, அமல் தேதி, "பக்கம் 3 / 7" என்ற எண் இருக்கட்டும். முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் ஒரு பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பும்போது எந்தப் பதிப்பு என்று தெரியாது. எழுத்துப்பிழை, படிவப் பெயர் மாற்றம் என்றால் 2.0 → 2.1. உரிமையோ கடமையோ மாறினால் 3.0, அதற்கு மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும்.

மின்னஞ்சலில் கோப்பை இணைத்து அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். ஒரு இணைப்பு, 85 நகல். பொது இடம் ஒன்றில் ஒரே கோப்பு, மின்னஞ்சலில் அதன் முகவரி மட்டும். உற்பத்தித் தளத்துக்குக் காகிதம் வேண்டும் என்றால் நகலுக்கு எண் போட்டு, எந்த எண் எந்தப் பலகையில் என்று பதிவேடு வைத்து, புதியது ஒட்டும்போதே பழையதைக் கழற்றி வாங்கிவிடுங்கள்.

பழைய பதிப்பை அழித்துவிடாதீர்கள். மார்ச் மாதம் நடந்த தவறை மார்ச்சில் அமலில் இருந்த விதியை வைத்துத்தான் விசாரிக்க முடியும். யாரும் தொட முடியாத தனிக் கோப்புறையில், அமலான தேதியும் விலக்கிய தேதியும் போட்டு வையுங்கள். எத்தனை ஆண்டு என்பது உங்கள் சட்டத்தில் வழக்குப் போட இருக்கும் காலவரம்பைப் பொறுத்தது.

ஒப்புதல் தேதியும் அமல் தேதியும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவில் 14 முதல் 30 நாள் விடுங்கள். அறிமுகக் கூட்டம், கேள்விகள், கையெழுத்து எல்லாம் அந்த இடைவெளியில் நடக்க வேண்டும். ஷிஃப்ட் தொடக்கத்தில் 20 நிமிடம், ஒரே நாளில் மூன்று கொள்கைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் ஷிஃப்ட், விடுப்பில் இருப்பவர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், அடுத்த வாரம் சேரப்போகிறவர்கள்: விடுபடுவது எப்போதும் இந்த நான்கு கூட்டம்தான்.

கையெழுத்துத் தாளில் "ஒப்புக்கொள்கிறேன்" வேண்டாம். "ஆவணம் இன்ன எண், பதிப்பு 3.0, பெற்றுக்கொண்டேன். எனக்குப் புரியும் மொழியில் விளக்கினார்கள். கேள்வி கேட்க வாய்ப்பு இருந்தது" என்பது போதும். பதிப்பு எண் இல்லாத கையெழுத்தால் பயனில்லை, எந்தக் கையேட்டுக்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாது. கையெழுத்துப் போட மறுப்பவரிடம் சண்டை போடாதீர்கள். கொடுத்த தேதி, நேரம், கூட இருந்த சாட்சியின் பதவி ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டால் நோக்கம் நிறைவேறிவிடும். கடைசியில் ஐந்து கேள்வி கேளுங்கள். அதிகம் பேர் தவறவிட்ட கேள்வி எதுவோ அந்தப் பத்தியை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சம்பளம், வேலை நேரம், விடுப்பு நாட்கள் போன்றவை பணி ஒப்பந்தத்தில் இருந்தால், கையேட்டை மாற்றி அவற்றைக் குறைத்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். எது ஒப்பந்தம், எது நிறுவன விதி என்பதைச் சட்டம் தெரிந்தவரோடு உட்கார்ந்து முதலிலேயே பிரித்து, ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பிலும் குறித்துவிடுங்கள்.

---

நிர்வாகப்பிரிவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். மறுஆய்வை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்தால் போதுமா? இன்னொன்று, தாமத வருகை விதி கையேட்டில் இருக்கிறது, ஆனால் நீண்ட காலமாக யாரும் அமல்படுத்தவில்லை. இப்போது ஒரு பிரிவுத் தலைவர் திடீரென்று ஒருவர் மீது மட்டும் நடவடிக்கை கேட்கிறார். என்ன செய்வது?

---

பேரேடு

இரண்டாவது கேள்விக்கு முதலில். நடவடிக்கை எடுக்காதீர்கள். எல்லோருக்கும் விட்டுக்கொடுத்த விதியை ஒருவர் மேல் மட்டும் போட்டால் அது பாரபட்சமாகத்தான் தெரியும், பல சமயம் அது உண்மையும்கூட. முதலில் விதி தேவையா என்று கேளுங்கள். அலுவலகத்தில் 10 நிமிடத் தாமதத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை, உற்பத்தியிலோ முந்தைய ஷிஃப்ட் ஆள் காத்திருக்க வேண்டும் என்றால், இரண்டு இடத்துக்கும் ஒரே விதி எதற்கு? வேறுபாட்டின் காரணத்தைக் கொள்கையிலேயே எழுதி, இரண்டு விதியாகப் பிரியுங்கள். பிறகு "இன்ன தேதியிலிருந்து இது எல்லோருக்கும் பொருந்தும், அதற்கு முந்தைய தாமதங்கள் கணக்கில் வராது" என்று எழுத்தில் அறிவியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு முதல் வாரத்திலேயே எல்லாப் பிரிவிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்று வருகைப்பதிவைப் பார்த்துவிடுங்கள்.

மறுஆய்வை ஒரே மாதத்தில் குவித்தால் 30 ஆவணத்திலும் தேதி மட்டும் மாறும், உள்ளே ஒன்றும் மாறாது. மாதம் இரண்டு மூன்று என்று ஆண்டு முழுக்கப் பரப்புங்கள். பாதுகாப்பு, சம்பளம், துன்புறுத்தல் தடுப்பு 12 மாதத்துக்கு ஒருமுறை. மற்றவை 24 மாதம். இதற்கு வெளியே, தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிகழ்வுகள் உண்டு: சட்ட மாற்றம், விபத்து அல்லது மயிரிழையில் தப்பிய நிகழ்வு, மேல்முறையீட்டில் கவிழ்ந்த முடிவு, மென்பொருள் மாற்றம், புதிய ஷிஃப்ட் முறை.

பழசாகிப்போன விதிக்கு நல்ல உதாரணம் கடவுச்சொல். 90 நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற வரி டெம்ப்ளேட்டுகளில் இன்னும் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டுதலிலேயே, காலக்கெடு வைத்துக் கட்டாயமாக மாற்றச் சொல்லக் கூடாது, கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மாற்றச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாற்றச் சொல்லி நெருக்கினால் மக்கள் பழையதன் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். உங்கள் கையேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிவிலக்குப் பதிவேடு ஒன்று வையுங்கள். தேதி, எந்த விதி, என்ன காரணம், யார் அனுமதித்தது, எப்போது முடிகிறது. விதிவிலக்கே கூடாது என்றால் மேலாளர்கள் மறைவாகத் தருவார்கள். எழுதிவிட்டுத் தரலாம் என்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரே விதிக்கு ஒரு காலாண்டில் மூன்று விதிவிலக்கு வந்தால் அந்த விதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மறுஆய்வு என்றால் ஆவணத்தைப் படிப்பது மட்டும் அல்ல. அண்மையில் முடிந்த 10 விடுப்பு விண்ணப்பங்களை எடுத்து, நடைமுறையில் எழுதிய ஒவ்வொரு படியும் நடந்ததா என்று ஒப்பிடுங்கள். 10இல் 4 வேறு வழியில் போயிருந்தால், அந்த வழி நன்றாக இருந்தால் ஆவணத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பயிற்சி கொடுங்கள். எத்தனை சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை வைத்து மட்டும் கொள்கை நடக்கிறது என்று இயக்குநரிடம் அறிக்கை கொடுக்காதீர்கள்.

---

பாதுகாப்புப்பலகை

உற்பத்திப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாக. எந்திரப் பாதுகாப்பு நடைமுறையைக் கையேட்டுக்குள் போடாதீர்கள். எந்திரத்தின் பக்கத்தில், ஒரே பக்கத்தில், படத்தோடு, கையுறை போட்ட கையால் தொட்டாலும் கிழியாத உறையில் இருக்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு செயல். "மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, அழுத்தத்தை வெளியேற்றிச் சரிபார்க்கவும்" என்பதில் நான்கு படி இருக்கிறது, ஒன்றை விட்டாலும் கை போகும். எச்சரிக்கை வரி, அது எந்தப் படிக்கு உரியதோ அந்தப் படிக்கு மேலே வர வேண்டும். கீழே இருந்தால் செய்து முடித்த பிறகு படிப்பார்கள்.

முகக்கவசம், கையுறை போடு என்பதோடு கொள்கை முடிந்துவிடக் கூடாது. பணியிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 45001:2018 சொல்லும் வரிசை வேறு: முதலில் ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததாக மாற்று, பிறகு தடுப்பு போன்ற பொறியியல் ஏற்பாடு, பிறகு பயிற்சியும் நிர்வாக விதிகளும், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் உடலில் அணியும் கவசம். அதே தரத்தின் 5.4ஆம் பிரிவு, மேலாளர் அல்லாத தொழிலாளர்களைக் கலந்தாலோசிப்பதை வலியுறுத்துகிறது. வரைவை எந்திரத்தை ஓட்டுபவரிடம் கொடுத்து, அதில் உள்ளபடியே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

கட்டாயம் சேர்க்க வேண்டிய இன்னொரு வரி: உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையை நிறுத்தியவர் மீது நடவடிக்கை இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் ஒப்பந்தம் 13ஆம் பிரிவில் உள்ள பாதுகாப்பு இது. நிறுத்தியதும் யாரிடம் சொல்ல வேண்டும், யார் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மீண்டும் ஓட்டலாம் என்பதையும் அதற்கு அடுத்த வரியில் எழுதுங்கள். இரண்டாம் ஷிஃப்டில் அந்தப் பதவியில் ஆள் இருப்பாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

வரிக்குவரி

இயக்குநரிடம் காட்ட ஒரு கால அட்டவணை, எட்டுக் கொள்கைக்கு 12 வாரம். 1, 2ஆம் வாரம் பதிவுகளைச் சலித்துப் பட்டியல் போடுதல், மூன்று பதிப்புகளில் எது செல்லும் என்று தற்காலிகமாக அறிவித்தல். அறிவிக்காவிட்டால் இந்த 12 வாரமும் குழப்பம்தான். 3 முதல் 6 வரை வரைவு, வாரம் இரண்டு. 7ஆம் வாரம் சூப்பர்வைசர் சோதனையும் தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஆலோசனையும். 8இல் சட்ட ஆலோசகர், 9இல் திருத்தமும் ஒப்புதலும். 10, 11இல் ஷிஃப்ட் வாரியாக விளக்கம், கையெழுத்து. 12ஆம் வாரத்தின் முதல் நாள் அமல்.

9ஆம் வாரத்தில் ஒப்புதல், 12இல் அமல் என்றால் ஆவணக்காப்பு சொன்ன இடைவெளியும் கிடைத்துவிடுகிறது. நேரம் பிதுங்குவது பெரும்பாலும் 7ஆம் வாரத்தில்தான், ஒழுங்கு நடவடிக்கை வரைவில் கேள்விகள் அதிகம் வரும். அதை மட்டும் 3ஆம் வாரமே எழுதத் தொடங்கிவிடுங்கள்.